வில்லங்கச் சான்றில் வராத விரிசல்: வீட்டுக் கிரயத்தில் கட்டட ஆய்வின் இடம்

தமிழ்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது நடைபெறும் ஆராய்ச்சியின் பெரும்பகுதி காகிதத்தின் மீதே நடைபெறுகிறது. தாய்ப் பத்திரம் தொடங்கி இடைப்பட்ட கிரயங்கள், பாகப்பிரிவினைகள், உயில்கள் அனைத்தையும் வழக்கறிஞர் ஒருவர் வரிசைப்படுத்திப் படிக்கிறார். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலிய நடவடிக்கைகளின் பட்டியலாகிய வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்கு எடுக்கப்படுகிறது. பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படுகிறது. கடன் தரும் வங்கி இதே வேலையைத் தன் வழக்கறிஞரைக் கொண்டு மறுபடியும் செய்கிறது. இத்தனைக்கும் வாரக்கணக்கில் காலம் செலவாக, அந்தக் காகிதங்கள் எதைப் பற்றியனவோ அந்தக் கட்டடத்தை வாங்குபவர் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று முறைதான். அதுவும் அரை மணி நேரம், தரகரும் உரிமையாளரும் உடன் நிற்கும்போது. குழாயைத் திறந்து பார்ப்பது, வாசல் எந்தத் திசை என்று கேட்பது, அறைகளின் அளவை மனையடி சாஸ்திரத்தோடு ஒத்துப் பார்ப்பது, தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்து சுவரைத் தட்டச் சொல்வது ஆகியவற்றோடு அந்தப் பார்வை முடிந்துவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் அறியாமை அன்று. ஒரே மனையைப் பலருக்கு விற்பது, போலிப் பத்திரம் தயாரிப்பது, வாரிசு ஒருவரை மறைத்துக் கிரயம் செய்வது போன்ற மோசடிகள் மிகுந்த நிலச்சந்தையில் காகிதத்தைச் சந்தேகிப்பது நியாயமான தற்காப்பு. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. அண்மைக்காலம் வரை நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு வீடு என்பது மனை வாங்கிக் கட்டிக்கொள்வதாகவே இருந்தது. அஸ்திவாரம் தோண்டிய நாள் முதல் புதுமனை புகுவிழா வரை உரிமையாளரோ அவர் வீட்டுப் பெரியவர் ஒருவரோ அருகில் நின்று, மணலைக் கையில் எடுத்துப் பார்த்து, தளத்துக்குத் தண்ணீர் கட்டி, தம் வீட்டின் உள்ளுடலைத் தாமே அறிந்திருந்தனர். பழைய வீட்டை வாங்கியவரும் மனையின் விலையையே கொடுத்தார். கட்டடம் இடித்துக் கட்டத்தக்கதாகவே கணக்கில் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு இந்தக் கணக்கை முழுவதுமாக மாற்றியது. அடுக்ககத்தில் வீடு வாங்குபவருக்குக் கிடைக்கும் நிலம் பிரிவுபடாத பங்கு ஒன்றே. தனியாக வேலி போடவோ, தாம் மட்டும் இடித்துக் கட்டவோ அவருக்கு இயலாது. கொடுத்த விலையில் கணிசமான பகுதி கட்டடத்துக்கானது. அந்தக் கட்டடம் எழுந்தபோது அவர் அங்கே இல்லை. வாங்கும் பொருள் மாறிவிட்ட பின்பும் வாங்கும் முறை மாறவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் சிக்கல்.

சட்டத்தின் நிலையை முதலில் காண்பது நல்லது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில் விற்பவரின் முதற் கடமையைக் கூறும்போது, சொத்திலோ அதன் உரிமை மூலத்திலோ உள்ள முக்கியமான குறை, தமக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும், வாங்குபவர் சாதாரண கவனத்துடன் பார்த்தால் கண்டுகொள்ள இயலாததாகவும் இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்றும் அதே பிரிவு விதிக்கிறது. வேறு வகையான ஒப்பந்தம் இல்லாதபோது செல்லும் இந்த விதியில் சொத்தின் குறையும் உரிமை மூலத்தின் குறையும் ஒரே வாக்கியத்தில் சமமாக வைக்கப்பட்டுள்ளன என்பது கவனிக்கத்தக்கது. நடைமுறைதான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டது.

ஆனால் இந்த விதி வாங்குபவருக்கு அளிக்கும் பாதுகாப்பு, முதற்பார்வைக்குத் தோன்றுவதை விடக் குறுகியது. குறைகளைச் சட்டவியலார் இரண்டாகப் பிரிப்பர். கண்ணால் பார்த்தாலே தெரிவது வெளிப்படைக் குறை. பூச்சுக்குள்ளும் தளத்துக்கடியிலும் ஒளிந்திருப்பது மறைகுறை. சொல்லும் கடமை மறைகுறைக்கே உரியது. அதிலும் விற்பவர் அதை அறிந்திருந்தார் என்பதை வாங்கியவரே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 19ஆம் பிரிவின் விதிவிலக்கில், மௌனத்தால் ஏமாற்றப்பட்டவர் சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்திருக்கக்கூடும் என்றால் அவர் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்கிறது. ஆகவே ‘சாதாரண கவனம்’ என்ற இரண்டு சொற்களின் மீதே வாங்குபவரின் உரிமை முழுவதும் நிற்கிறது. மழைக்கறை படிந்த மேற்கூரையை அண்ணாந்து பாராதவர், பின்னர் அதைப் பற்றி முறையிடும்போது அவர் பாராமையே அவருக்கு எதிரான சான்றாகிவிடலாம். இந்த இடத்தில்தான் கட்டட ஆய்வு தொழில்நுட்ப விவகாரமாக மட்டும் இல்லாமல் உரிமை விவகாரமாகவும் ஆகிறது: ஆய்வு செய்தவர் தம் கவனத்தை மெய்ப்பித்தவர் ஆகிறார், விற்பவரிடம் எழுத்தில் கேள்வி கேட்டுப் பதில் பெற்றவர், விற்பவர் அறிந்திருந்தாரா என்ற கேள்விக்கும் சான்று சேர்த்தவர் ஆகிறார்.

வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்ற இந்தப் பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கையிலிருந்து புறப்பட்ட பிற நாடுகள் வெவ்வேறு திசைகளில் சென்றுள்ளன. அமெரிக்காவில் திருப்பம் நீதிமன்றங்களின் வழியாக வந்தது. கலிபோர்னியாவில் 1984இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஈஸ்டன் வழக்கில், சரியாக இறுக்கப்படாத மண் நிரப்பின் மீது கட்டப்பட்ட வீடு மண்சரிவால் சேதமடைந்திருக்க, விற்பனையில் ஈடுபட்ட தரகர் அந்த இடத்தைக் கண்ணால் ஆராய்ந்து தெரியவருவதைச் சொல்லும் கடமை உடையவர் என்று நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டில் புளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் ஜான்சன் எதிர் டேவிஸ் வழக்கில், கூரை ஒழுகுவதை அறிந்த விற்பனையாளர், சாளரத்தருகேயும் மேற்கூரையிலும் இருந்த கறைகளுக்கு வேறு காரணம் சொல்லிச் சமாளித்ததைப் பரிசீலித்து, வீட்டின் மதிப்பைப் பாதிக்கும் மறைகுறையை அறிந்து மறைப்பவர் பொறுப்பாளி என்று முடிவுசெய்தது. இவ்வாறு பொறுப்பு விற்பவர் மீதும் தரகர் மீதும் ஏறியபோது, மூன்றாமவர் ஒருவரின் எழுத்துமூல அறிக்கை எல்லோருக்கும் தேவையாயிற்று. 1976இல் அமைந்த அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் வகுத்த நடைமுறை நெறிகள் அந்தத் தொழிலுக்கு வடிவம் கொடுத்திருந்தன. ஒப்பந்தம் கையெழுத்தானபின் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆய்வு செய்துகொள்ளவும், பெருங்குறை தெரிந்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகவும் வாங்குபவருக்கு இடம் தரும் நிபந்தனை அங்கே வழக்கமானது.

அந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஆய்வு கண்ணுக்குத் தெரியும் பகுதிகளுக்கு உட்பட்டது. சுவரை உடைத்தோ தரையைப் பெயர்த்தோ பார்ப்பது அதில் சேராது. ஆய்வாளருக்கு உரிமம் வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஈஸ்டன் தீர்ப்பைத் தந்த கலிபோர்னியாவிலேயே அத்தகைய உரிமம் கிடையாது. ஆய்வாளரைப் பரிந்துரைப்பவர் பெரும்பாலும் தரகர்; விற்பனை நடந்தால்தான் தரகருக்குக் கூலி; ஆகவே விற்பனையைக் கெடுக்கும் ஆய்வாளர் அடுத்த முறை அழைக்கப்படாமல் போகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. வீடுகளுக்குப் போட்டி மிகுந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில், தம் விலைக்கோரலை விற்பவர் ஏற்க வேண்டும் என்பதற்காக ஆய்வு உரிமையையே விட்டுக்கொடுத்தவர் பலர். மாசசூசெட்ஸ் மாநிலம் 2025 அக்டோபர் முதல், ஆய்வைக் கைவிடுவதை விற்பனைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று விதி செய்ததற்கு இதுவே பின்னணி. சந்தை இறுகும்போது முதலில் பலியாவது வாங்குபவரின் எச்சரிக்கைதான் என்பதை இது காட்டுகிறது. சென்னையில் ‘இன்று மாலைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆள் தயார்’ என்று சொல்லப்படும் நெருக்கடியும் இதே வகையைச் சேர்ந்தது.

பிரிட்டனின் அனுபவம் தமிழக வாசகருக்கு வேறொரு வகையில் நெருக்கமானது. இங்கே வங்கிக் கடனில் வீடு வாங்கும் பலர், வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கட்டடத்தைப் பார்த்துவிட்டார், ஆகவே கட்டடம் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகின்றனர். மதிப்பீடு வேறு, ஆய்வு வேறு. மதிப்பீட்டாளர் விடைகாணும் கேள்வி, கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்தை விற்று அந்தத் தொகையை எடுக்க முடியுமா என்பது. மனையின் விலை உயர்ந்த இடத்தில் கட்டடம் நலிந்திருந்தாலும் அதற்கு விடை ‘முடியும்’ என்றே வரும். கட்டணத்தை வாங்குபவர் செலுத்தினாலும் அறிக்கை வங்கிக்கே செல்கிறது. இங்கிலாந்தில் ஸ்மித் எதிர் புஷ் என்ற வழக்கில் இதே நிலை எழுந்தது. அடமானக் கடனுக்காக வீட்டைப் பார்த்த மதிப்பீட்டாளர், கீழே புகைபோக்கியின் தாங்குசுவர் அகற்றப்பட்டிருந்ததைக் கண்டும், மேலே எஞ்சிய பகுதி எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை. வாங்கிய பெண்மணி குடியேறிச் சுமார் பதினெட்டு மாதங்களில் அது கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது. எளிய வீடு வாங்குபவர் அந்த அறிக்கையையே நம்புவார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும், ஆகவே அவரிடமும் கவனத்துடன் நடக்கும் கடமை உண்டு, பொறுப்பில்லை என்று அச்சிட்டுத் தப்பிக்க முடியாது என்று பிரபுக்கள் சபை 1989இல் தீர்ப்பளித்தது.

ஸ்காட்லாந்து இதைவிடத் துணிவான வழியைத் தேர்ந்தது. 2008 டிசம்பர் முதல் அங்கே வீட்டை விற்பனைக்கு விடுபவரே, தகுதிபெற்ற கட்டட அளவையர் ஒருவரின் ஆய்வு, ஆற்றல் பயன்பாட்டு அறிக்கை, வீட்டின் வரலாறு பற்றிய வினாத்தாள் ஆகிய மூன்றும் அடங்கிய வீட்டறிக்கையைத் தம் செலவில் தயாரித்து, வாங்க விரும்புவோருக்குக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டைப் பத்துப் பேர் பார்த்துப் பத்து ஆய்வுகளுக்குச் செலவழிக்கும் வீண் இதனால் நின்றது. இங்கிலாந்து 2007இல் கொண்டுவந்த இதையொத்த தகவல் தொகுப்பில் கட்டட நிலை அறிக்கை கட்டாயமாக்கப்படவில்லை. உயிர்நாடியான பகுதி இல்லாத அந்தத் தொகுப்பு 2010இல் கைவிடப்பட்டது. டென்மார்க்கின் முறை 1996 முதல் நடப்பில் உள்ளது: விற்பவர் கட்டட நிலை அறிக்கையும் மின் அமைப்பு அறிக்கையும் பெற்று, உரிமை மாற்றக் காப்பீட்டின் சந்தாவில் பாதியைச் செலுத்த முன்வந்தால், பின்னர் வெளிப்படும் கட்டடக் குறைகளுக்கான அவருடைய பொறுப்பு பெரும்பாலும் நீங்குகிறது, குறை வந்தால் வாங்கியவர் காப்பீட்டு நிறுவனத்தை அணுகலாம். வெளிப்படையாக இருப்பதால் விற்பவருக்கும் நன்மை உண்டு என்று ஆக்கியதே அதன் நுட்பம்.

இந்த முறைகள் எதையும் அப்படியே பெயர்த்து நட முடியாது. ஏனெனில் ஆய்வு என்பது அந்தந்த மண்ணின் நோய்களை அறிந்ததாக இருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மரச்சட்ட வீட்டையும் நிலவறையையும் வெப்பமூட்டும் உலையையும் பார்க்கப் பயின்றவர். தமிழகக் கடற்கரையில் கட்டடத்தைக் கொல்வது உப்பு. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டும்போது அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு பருமன் உடையது. அது பருக்கும்போது வெளிக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடற்காற்று ஒரு வழி; கட்டும்போதே உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கலப்பது மற்றொரு வழி. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்றும், கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் உள்ள கான்கிரீட் போர்வை, கட்டடத் தொழிலில் ‘கவர்’ எனப்படுவது, 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி கூறுகிறது. இவை மீறப்பட்டனவா என்பது கட்டி முடிந்த நாளில் யாருக்கும் தெரியாது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, உத்திரத்தின் அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே ஒரு நீள விரிசலும் பழுப்புக் கறையும் தோன்றும்போதுதான் தெரியும். குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்ககத்தின் பகுதி சரிந்து இருவர் இறந்தபின், டெல்லி ஐ.ஐ.டி. நடத்திய ஆய்வு கான்கிரீட்டிலேயே குளோரைடு கலந்திருந்ததைக் கண்டது. கடல் இல்லாத ஊரிலும் இந்த நோய் வரலாம் என்பதற்கு அது சான்று.

இதைக் கண்டறிய அரிய கருவிகள் தேவையில்லை. சிறு சுத்தியலால் தூணையும் தளத்தின் அடிப்பகுதியையும் தட்டிக்கொண்டே சென்றால், உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். மேஸ்திரியின் தட்டலில் உள்ள அறிவு இதுவே, அதை இகழ்வதற்கில்லை. அதற்குமேல், ஸ்விட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய மீள்தாக்குச் சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். மீயொலி அலை கான்கிரீட்டினூடே செல்லும் வேகம் உள்ளே வெற்றிடம் உண்டா என்று சொல்லும். புதிதாக உடைத்த பகுதியில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை எஞ்சியுள்ள இடம் மட்டும் இளஞ்சிவப்பாக மாறும். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பளிக்க இயலாது. மீள்தாக்குச் சுத்தியலைக் கொண்டு கணிக்கும் வலிமை 25 விழுக்காடு வரை முன்பின்னாக இருக்கலாம் என்று அந்தச் சோதனைக்கான தர விதியே எச்சரிக்கிறது. எண்களை அடுக்கிக் காட்டும் அறிக்கையைக் கண்டு மயங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லா விரிசலும் நோய் அன்று. சிமெண்டுப் பூச்சின் மேல் வலைபோல் படரும் மயிரிழை விரிசல் பூச்சு உலர்ந்ததன் அடையாளம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விழுவது இரண்டு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. சாளர மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் செல்வதே அஞ்சத்தக்கது. அஸ்திவாரத்தின் ஒரு பகுதி இறங்குகிறது என்று அது சொல்லலாம். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் மண் மழையில் ஊதிக் கோடையில் சுருங்குவதால், அங்கே ஒரே விரிசல் ஆண்டுதோறும் திறந்து மூடும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்து, அது உடைகிறதா என்று சில மாதம் பார்ப்பது பழைய முறை. வாங்குபவருக்கு அந்த அவகாசம் இல்லாமையால், விற்பவர் வீட்டுப் பழைய புகைப்படங்களைக் கேட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

நீர் தமிழக வீடுகளின் அடுத்த பெரும் பகை. மொட்டை மாடியில் தட்டோடுகளின் இடுக்குகள், குளியலறைத் தரை, சுவருக்குள் ஓடும் குழாய், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனித் தடயம் விடும். ஆனால் வீடு பார்க்கும் படலம் பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டிய கோடையில் நடப்பதால், அந்தத் தடயங்கள் உலர்ந்து, புதுச் சுண்ணாம்பின் கீழ் மறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழைக்கு நடுவே ஒரு முறையேனும் வீட்டைப் பார்க்காதவர் அதைப் பார்த்தவர் ஆகார். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதை எந்த ஆவணமும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. எதிர்வீட்டுப் பெட்டிக்கடைக்காரர் சொல்வார்.

அமைப்பில் உள்ள குறை இன்னும் கடுமையானது. 2001 ஜனவரியின் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பின் 2002இல் திருத்தப்பட்ட நிலநடுக்கத் தர விதி, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் தூண்கள் மட்டும் கொண்ட வாகன நிறுத்தமாக விட்டு, மேலே சுவர் நிறைந்த மாடிகளை எழுப்பும் அமைப்பு குலுக்கத்தில் கீழே மடியக்கூடியது என்பது பூஜில் புலப்பட்ட பாடம். 2002க்கு முன் சென்னையில் கட்டப்பட்ட இத்தகைய அடுக்ககங்கள் பழைய கணக்கின்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றை வாங்குபவர் தூண்களின் அளவைக் காட்டும் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்பது மிகையாகாது. மின் அமைப்பில் பார்க்க வேண்டியது சுருக்கமானது: எர்த் இணைப்பு உயிரோடு இருக்கிறதா, கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை உள்ளதா என்பவையே உயிர் காப்பவை. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை வீடுகளுக்கோ தனி அறிவு வேண்டும். சுண்ணச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடுவது; அதன்மேல் சிமெண்டு பூசியவர் நோயை உள்ளே அடைத்தவர் ஆவார். கான்கிரீட்டை மட்டும் பயின்ற பொறியாளர் இத்தகைய வீட்டைத் தேறாதது என்று தவறாகத் தள்ளிவிடவும் கூடும்.

புதிய அடுக்ககங்களுக்கு 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், பொதுவாக ‘ரெரா’ எனப்படுவது, ஒரு கேடயம் தந்துள்ளது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து முறையிட்டால், கட்டுநர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். ஒதுக்கீட்டைப் பின்னர் விலைக்கு வாங்கியவரும் இச்சட்டத்தின் ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்ற வரையறைக்குள் வருகிறார். ஆயினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாதவற்றுக்கும் பதிவு கட்டாயமில்லை. சென்னைத் தெருக்களில் பழைய வீட்டை இடித்து எழும் அடுக்ககங்களில் பல இந்த அளவுக்குள்ளேயே அடங்குகின்றன. உப்பு தன் வேலையைக் காட்டும் காலம் ஐந்தாண்டுக்கு அப்பால் என்பதையும் மறக்கக் கூடாது. தனிநபரிடமிருந்து பழைய வீட்டை வாங்குபவருக்கு எஞ்சுவது 1882ஆம் ஆண்டுச் சட்டமும் தம் கண்களுமே.

இந்தியாவில் வீட்டு ஆய்வாளர் என்ற தொழிலுக்குத் தனி உரிமச் சட்டம் இல்லை. பெருநகரங்களில் இப்பணியைச் செய்யும் நிறுவனங்கள் சில தோன்றியுள்ளன. பிற இடங்களில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அமர்த்துவதே வழி. அவரைத் தேர்வது வாங்குபவராக இருக்க வேண்டும். தரகர் காட்டிய ஆளாகவோ, பழுதுபார்க்கும் வேலையைத் தாமே எடுக்கக் காத்திருப்பவராகவோ இருக்கக் கூடாது. ஆய்வு நடக்க வேண்டிய காலம் முன்பணத்துக்கு முன்பு. அது இயலாவிடில், ஆய்வில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் முன்பணம் திரும்பும் என்ற வரியைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். இன்றுள்ள சட்டமே அதற்கு இடம் தருகிறது. இவ்வளவும் சொன்னபின், ஆய்வின் சுமையை வாங்குபவர் தலையில் ஏற்றும் அமெரிக்க வழியைவிட, விற்பவரே அறிக்கை தரும் ஸ்காட்லாந்து வழியே தமிழகத்துக்குப் பொருத்தமானது என்று கொள்ள வேண்டியுள்ளது. காரணம் எளிது: வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் விற்பவரே எடுத்துவைத்துக் காத்திருக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே உள்ளது, அந்தக் கோப்பில் இன்னும் ஒரு காகிதம் சேர்வது புதிய பண்பாடு ஆகாது. மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கும் உரிமையாளருக்கும் அது காப்பு. தமக்கே தெரியாத குறைக்காகப் பின்னர் மோசடிக்காரர் என்று குற்றஞ்சாட்டப்படாமல் இருக்க அது உதவும். ஆனால் அந்த அறிக்கையை எழுதுபவர் வாங்குபவருக்கும் பொறுப்பாளி என்று சட்டம் சொல்லாதவரை அது வெறும் விளம்பரத்தாளாகவே இருக்கும்.

அடுக்ககத்தில் மேலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மூன்றாம் மாடி வீட்டை வாங்குபவரின் பாதுகாப்பு, கீழ்த்தளத் தூணிலும் மொட்டை மாடித் தளத்திலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இருக்கிறது. அவை எதுவும் விற்பவருக்குத் தனியாகச் சொந்தமில்லை, அவற்றைத் தட்டிப் பார்க்க அவரால் அனுமதி தரவும் முடியாது. இந்த இடத்தில் உதவக்கூடியது குடியிருப்போர் சங்கத்தின் பதிவேடு. எந்த ஆண்டு எந்தத் தூணுக்குப் பூச்சு மாற்றினார்கள், எத்தனை முறை மாடியில் ஒழுக்கு அடைத்தார்கள், பழுதுநிதிக்கு யார் யார் இன்னும் பணம் கட்டவில்லை என்பனவெல்லாம் பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகளில் கையெழுத்துடன் பதிந்திருக்கும். வீடு வாங்க வருபவர் அந்தக் குறிப்பேட்டைக் கேட்பதும் சங்கம் அதை எடுத்துக் காட்டுவதும் தமிழகத்தில் இன்னும் வழக்கமாகவில்லை.